ஒத்தீலியா கலக்கிய ரத்தம்

பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் ஒத்தீலியாவுக்குத் தூக்கம் வராது. சிலருக்குப் பொறாமை எப்போதாவது வந்துபோகும், காய்ச்சல் மாதிரி. அவளுக்கு அது தினசரிப் பசி. சின்ன வயதில், அக்காவின் பின்னல் தன்னுடையதைவிட நீளம் என்று, அவள் தூங்கும்போது கத்தரியோடு போனவள். அதே ஒத்தீலியாதான் ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் பானையோடு போய் நிற்பாள். அடக்கம் முடியும்வரை சமைத்துப் போடுவாள், ஒரு வார்த்தை நன்றிகூட எதிர்பார்க்க மாட்டாள். ஆனால் அந்த வீட்டில் தன்னைவிட இன்னொருத்தி நன்றாக அழுதுவிட்டால் போச்சு, திரும்பி வரும் வழியெல்லாம் முணுமுணுப்புதான். நல்லவளா கெட்டவளா என்று கேட்டால் எங்கள் சான் லிபோரியோவில் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். தமாலே விற்பவள் என்பார்கள். சோள மாவை இறைச்சியோடு வாழையிலையில் பொதிந்து அவள் வேகவைக்கும் தமாலே இல்லாமல் எங்கள் ஊரில் சனிக்கிழமை கிடையாது.

புனித வாரம் வந்தால் ஊரே எருசலேம் ஆகிவிடும். மருந்துக்கடைக்காரர்தான் பிலாத்து, ஏனென்றால் கை கழுவிக் காட்ட நல்ல வெள்ளிக் கிண்ணம் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. பேருந்து நடத்துநர் வில்மெர் இயேசு. தாடி அவனுக்குச் சொந்தம். ஒத்தீலியாவின் புருஷன் நிக்கோலாஸ் ரோமைச் சேவகர்களின் தலைவன். தலைக்கவசத்தின் மேல் சிவப்புச் சாயத்தில் முக்கிய துடைப்பத்தைச் செருகிக்கொண்டு, வீட்டில் கிடைக்காத அதிகாரத்தையெல்லாம் அந்த ஒரு வாரத்தில் காட்டித் தீர்ப்பான்.

ஒத்தீலியாவுக்கும் வேஷம் உண்டு. பிரதான ஆசாரியரின் முற்றத்தில் நெருப்பு மூட்டுகிற வேலைக்காரப் பெண். பேதுருவைக் கைநீட்டிக் காட்டி, “இவனும் அவரோட இருந்தவன்தான்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வரியை அவள் எலும்பு நடுங்கும்படி சொல்வாள். பேதுருவாக நடித்த ஒருவன் உண்மையாகவே ஓடிப்போன கதையும் உண்டு. ஆனால் ஒரு வரி ஒரு வரிதானே. அது போக, எல்லோருடைய உடைகளையும் துவைத்து மடித்து வைப்பது அவள். இயேசுவுக்கு ரத்தம் கலக்குவதும் அவள். சமையலுக்குச் சிவப்பு நிறம் தருகிற அச்சியோத்தே விதையை அரைத்துத் தேனும் தண்ணீரும் விட்டுக் குழைப்பாள். நெற்றியில் தடவினால் நிஜமாகவே வழியும். சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் தடம் தெரியாமல் போய்விடும்.

இத்தனையும் அவள் செய்தது ஒரே ஒரு ஆசையில். வெரோனிக்கா வேஷம்.

சிலுவை சுமந்து வருகிறவரின் முகத்தைத் துடைக்க ஒருத்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவருவாளே, அவள். எங்கள் ஊரில் அது ஆயுளுக்கும் கிடைக்கிற வேஷம். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டால் முழங்கால் மடங்குகிறவரை அவளுடையது. கிடைத்தவளுக்குக் கோயிலில் முன்வரிசை, கல்யாண வீட்டில் முதல் பந்தி. முகம் துடைக்கிற துணியை இரண்டாக மடித்திருப்பார்கள். வெளிப்பக்கத்தால் முகத்தை ஒற்றிவிட்டு விரித்துக் காட்டினால் உட்பக்கத்தில் முன்பே வரைந்து வைத்த இயேசுவின் முகம் தெரியும். அதை வரைந்தவர், ஊர் மரியாதையாகத் தோஞா என்றழைக்கும் கசிமீராவின் காலஞ்சென்ற கணவர், பேருந்துகளில் பெயர் எழுதுகிறவர். அந்த இயேசுவின் ஒரு கண் இந்தப் பக்கம் பார்க்கும், இன்னொன்று அந்தப் பக்கம். அதையும் பார்த்து வருஷா வருஷம் அழுதோம்.

கசிமீராதான் அதுவரை வெரோனிக்கா. அந்த வருஷம் அவள் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. வேஷம் தனக்குத்தான் என்று ஒத்தீலியா உறுதியாக இருந்தாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. நாடகத்தை நடத்துகிற பழைய வாத்தியார் தோன் எவாரிஸ்தோ ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு அறிவித்த பெயர் எர்லிந்தா.

ஒத்தீலியா நேராக அவர் வீட்டுக்கே போனாள்.

“தோன் எவாரிஸ்தோ, என் வேஷத்துல என்ன குறை கண்டீங்க?”

“குறையா? உன்னை மாதிரி அந்த வரியைச் சொல்ல ஆள் ஏது? அதனாலதான் உன்னை நகர்த்த முடியல.”

“ஒரு வரி. கிளிகூடச் சொல்லும்.”

“இங்க பாரு ஒத்தீலியா. அந்த வேலைக்காரப் பொண்ணு சுவிசேஷத்துல இருக்கா. வெரோனிக்கா பேரு சுவிசேஷத்துல எங்கயும் இல்ல, பாதிரியாரே சொல்லியிருக்கார். யோசிச்சுப் பாரு, நீதான் ஒசத்தி.”

“அப்ப அந்த ஒசத்தியை எர்லிந்தாவுக்குக் குடுங்க. எனக்கு இல்லாதவளே போதும்.”

எவாரிஸ்தோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “எர்லிந்தாவுக்கு வேளைக்குக் கண்ணீர் வருது” என்றார் கடைசியில். “உனக்குக் கோபம்தான் வருது.”

எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு விறகு. வேறு யாருக்குக் கிடைத்திருந்தாலும் அவள் வாசலில் நின்று வாய்விட்டுத் திட்டியாவது மனசை ஆற்றியிருப்பாள். எர்லிந்தாவைத் திட்ட முடியாது. ஒத்தீலியாவின் மகள் யெசேனியாவுக்கு ஞானத்தாயாக நின்றவள் எர்லிந்தா. அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. அந்த உறவு வந்தபிறகு வாடி போடி கிடையாது, வாங்க போங்கதான். சண்டை அறவே கூடாது. கொமாத்ரேயோடு சண்டை போட்டுச் செத்தவளுக்கு மறுவுலகத்தில் நாக்கை நனைக்கக்கூடத் தண்ணீர் கிடைக்காது என்று எங்கள் பெண்கள் நம்புகிறார்கள். அதனால் ஒத்தீலியா பொறாமையை மென்று விழுங்கிக்கொண்டே இருந்தாள். எர்லிந்தா அழகியல்ல, பணக்காரியும் அல்ல. ஞானஸ்நானத்துக்கு அவள் கொடுத்த படுக்கை விரிப்பில் வெள்ளைத் துணியிலேயே வெள்ளை நூலால் ஒரு கொடி பின்னியிருந்தாள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, தடவினால் தெரியும். ஊரே வாயைப் பிளந்தது. ஒத்தீலியா அதைக் கயிற்றில் காயப்போடும்போதெல்லாம் பின்னல் தெருப்பக்கம் தெரியும்படிதான் போடுவாள், பெருமைக்கு. உள்ளே போய், இப்படி எனக்கு ஒரு தையல் வரவில்லையே என்று புழுங்குவாள்.

அறிவிப்புக்கு மறுநாள் எர்லிந்தா தேனில் ஊறிய கொண்டைக்கடலையோடு வந்தாள்.

“கொமாத்ரே, எனக்கே புரியல. நான் கேக்கவே இல்ல.”

“கேக்காதவங்களுக்குத்தான் எல்லாம் கிடைக்கும், கொமாத்ரே. உக்காருங்க.”

“உங்களுக்கு வருத்தம் இல்லையே?”

“எனக்கென்ன வருத்தம்? முழங்காலைப் பத்திரமா வச்சுக்கங்க.”

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். ஒத்தீலியா நினைத்த கேடு சின்னதுதான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். யாருக்கும் உடம்பில் காயம் படாது. எர்லிந்தா ஊர் முன்னால் துணியை விரிக்க வேண்டும், உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். வெறுந்துணியைத் தூக்கிப் பிடித்த வெரோனிக்காவை எவாரிஸ்தோ இன்னொரு வருஷம் வைத்திருக்க மாட்டார். அடுத்து ஆள் யார்? ஒத்தீலியாதான்.

புதன்கிழமை எவாரிஸ்தோ வந்து எல்லா உடைகளையும் பார்த்தார். வரைந்த முகத்தையும் விரித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் ஒத்தீலியா பெட்டியைத் திறந்து கைக்கு அகப்பட்ட வெள்ளை விரிப்பு ஒன்றை இழுத்து, அதே அளவுக்குக் கிழித்தாள். ஏற்கெனவே மடித்துத் தைத்த ஓரம் வரும்படி கிழித்தால் புதிதாகத் தைக்க வேண்டாம் என்று அந்த மூலையை எடுத்துக்கொண்டாள். எந்த விரிப்பு என்று பார்க்கிற நிலையில் அவள் இல்லை. பழைய துணியைத் தமாலே கூடையில் வாழையிலைக் கட்டுக்கு அடியில் தள்ளினாள். புதியதைப் பழையபடியே மடித்து, எர்லிந்தாவின் உடைமேல் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் அடுப்பில் இரண்டு சட்டி. ஒன்றில் நாடகத்துக்குத் தேன் கலந்த அச்சியோத்தே. இன்னொன்றில் சனிக்கிழமைத் தமாலேக்காகப் பன்றிக் கொழுப்பில் காய்ச்சிய அச்சியோத்தே. அது பட்ட துணியை அடித்துத் துவைத்தாலும் சாயம் போகாது என்று எங்கள் ஊரில் அடுப்பு மூட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஒத்தீலியாவுக்கும் தெரியும். ஆனால் அன்று அவள் மனசு முழுக்க மடித்த துணியிலேயே இருந்தது. ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வில்மெரின் நெற்றியிலும் கன்னத்திலும் தாராளமாகத் தடவிவிட்டு வந்தாள்.

“இந்த வருசம் ரத்தம் வாசமா இருக்கே, தோஞா ஒத்தீலியா. பசிக்குது” என்றான் வில்மெர்.

“இயேசு பேசாம இருந்தார்னு எழுதியிருக்கு. நீயும் பேசாம இரு” என்றாள் அவள்.

வெயில் ஏறியது. வில்மெர் சிலுவையோடு இரண்டாம் முறை விழுவதற்கு முந்தைய இடம், மருந்துக்கடை முன்னால். அங்கேதான் வெரோனிக்கா வர வேண்டும். அழுகிற எருசலேம் பெண்களுக்கு நடுவே முக்காட்டோடு நின்ற ஒத்தீலியா அப்போதுதான் பார்த்தாள். வில்மெரின் முகம் பளபளவென்று மின்னியது. வெயிலில் உருகிய கொழுப்பு புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டி மாறிவிட்டது. வீட்டில் மூடி வைத்திருப்பது தேன்.

எர்லிந்தா ஓடிவந்து முழங்காலிட்டாள். வழக்கமாகத் துணி முகத்தில் பட்டும் படாமலும் போகும். வில்மெர் உதட்டை அசைக்காமல் ஏதோ சொன்னான். எர்லிந்தா இடுப்பிலிருந்து துணியை எடுத்தாள். ஒரு கணம் அவள் விரல்கள் நின்றன. பிறகு துணியை அவன் முகம் முழுக்கப் போர்த்தினாள். முள்முடி இருந்ததால் தேய்த்துத் துடைக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் கண், மூக்கு, வாய், தாடி என்று அழுத்தி அழுத்தி ஒற்றினாள், தாய் குழந்தைக்குச் செய்கிற மாதிரி. ரொம்ப நேரம் எடுத்தாள். எவாரிஸ்தோ ஒலிபெருக்கியில் இருமினார்.

எர்லிந்தா எழுந்து துணியை விரித்துத் தலைக்கு மேல் பிடித்தாள். ஒத்தீலியா நின்ற பக்கம் உட்பக்கம். வெறும் வெள்ளை.

“படம் எங்க?” என்று யாரோ ஒருத்தி கேட்டாள். ஒத்தீலியாவின் வயிறு குளிர்ந்தது. வருஷக்கணக்காக எரிந்த வயிறு அது; குளிர்ந்தது என்றால் சும்மா இல்லை. அந்தக் குளிர்ச்சி ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் நீடித்தது.

எதிர்ப்பக்கத்துக் கூட்டம் முழங்காலிட்டது. முன்னால் நின்றவர்கள் முதலில், பிறகு அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள். நிக்கோலாஸ் துடைப்பத் தலைக்கவசத்தைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான். என்ன ஏது என்று புரியாமல் எர்லிந்தா திரும்பினாள். அப்போது ஒத்தீலியாவும் பார்த்தாள். துணியின் வெளிப்பக்கத்தில் சிவப்பாக இரண்டு கண்குழி, ஒரு மூக்கு, மூடிய வாய், தாடி. பேருந்து ஓவியர் வரைந்த மாறுகண் இல்லை. நிஜமான ஒரு மனித முகம், களைத்துப்போன முகம்.

எவாரிஸ்தோ கிட்டே வந்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “புதன்கிழமை என் கண்ணால பார்த்தேன், வரைஞ்ச முகம் உள்ள இருந்தது” என்றார். ஒலிபெருக்கி இன்னும் வாயருகே இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது. “அது போயிருச்சு. இது வந்திருக்கு.” அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. வாத்தியாருக்கே பேச வரவில்லை என்றால் அது அற்புதம்தான் என்று ஊர் முடிவு கட்டியது.

ஒத்தீலியாவால் தாங்க முடியவில்லை. “அது அச்சியோத்தே” என்றாள் உரக்க. “நான் கலக்கினது. பன்னிக் கொழுப்புல.”

“பெரிய வெள்ளிக்கிழமையில பன்னிக் கொழுப்பா?” என்று பக்கத்தில் நின்றவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த கசிமீரா கைத்தடியால் தரையைத் தட்டினாள். “கொழுப்பு உன்னுதாவே இருக்கட்டும். அந்த மூக்கை யாருடி வரைஞ்சா?”

அதற்கு ஒத்தீலியாவிடம் பதில் இருந்தது. வரைந்த துணியைக் கூடையிலிருந்து எடுத்து வந்து போட்டால் அற்புதம் அங்கேயே செத்துவிடும். கூடவே, அது ஏன் உன் கூடையில் இருந்தது என்ற கேள்வியும் வரும். முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

கொழுப்புச் சட்டி வில்மெரின் முகத்திலேயே காலியாகிவிட்டதால் மீந்த தேன் சட்டியைத்தான் மாவில் ஊற்றினாள்; சனிக்கிழமைத் தமாலே தேன் தேனாக இனித்தது. ஊரார் அதையும் அற்புதத்தில் சேர்த்துக்கொண்டார்கள். உயிர்த்த ஞாயிறன்று எர்லிந்தாவின் வாசலில் வரிசை நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்து மெழுகுவர்த்தியோடு வந்தார்கள், நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் சட்டி, என் துணி, என் அச்சியோத்தே, பேர் மட்டும் அவளுக்கு என்று ஒத்தீலியா பல்லைக் கடித்தாள். வேஷத்தைப் பிடுங்கப் போய், வேஷக்காரியைப் புனிதவதி ஆக்கி வைத்துவிட்டாள். நிக்கோலாஸே வீட்டுக்கு வந்து எர்லிந்தா கையைத் தொட்டுக் கும்பிட்ட கதையைச் சொன்னபோது, அவன் தட்டில் பீன்ஸை வைத்த வேகத்தில் பாதி மேஜைக்குத் தெறித்தது.

திங்கட்கிழமை மத்தியானம் எர்லிந்தா பின்வாசல் வழியாக வந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

“கதவைச் சாத்துங்க, கொமாத்ரே.”

சாத்தினாள். எர்லிந்தா பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் விரித்தாள். அந்த முகம் இருவரையும் பார்த்தது.

“நாளைக்கு இதைக் கண்ணாடி போட்டுக் கோயில்ல மாட்டப் போறாங்க. எவாரிஸ்தோ சட்டத்துக்குச் சொல்லிட்டார். அதுக்குள்ள ஒரு வேலை இருக்கு. உங்க கையைக் குடுங்க.”

எர்லிந்தா அவள் விரலைப் பிடித்துத் துணியின் மூலையில் வைத்துத் தடவினாள். வெள்ளை நூல், வெள்ளைத் துணி. கொடி.

ஒத்தீலியா விரலை இழுத்துக்கொண்டாள். ஊரில் எந்தப் பெண்ணிடம் இந்தக் கொடியைக் காட்டினாலும், யார் வீட்டு வாசலில் தொங்கிய விரிப்பு என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள். அவள்தானே தெருப்பக்கம் காட்டிக் காட்டிக் காயப்போட்டாள்.

“எப்பத் தெரிஞ்சுது?” என்றாள்.

“இடுப்புல இருந்து எடுத்ததுமே. என் தையல் என் கைக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன்... உள்ள ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சே ஏன் ஒத்துனீங்க? மயக்கம் வந்த மாதிரி விழுந்திருக்கலாமே. ஊர் சிரிச்சிருக்குமே.”

“அந்தப் பையன் கண்ணு எரியுது, ஒண்ணும் தெரியலேன்னு சொன்னான், கொமாத்ரே. அந்த நேரத்துல ஊரை யார் பார்த்தா?” எர்லிந்தா சாதாரணமாகச் சொன்னாள், உப்பு போட மறந்ததைச் சொல்கிற மாதிரி. “சரி, கத்தரி எங்க? மூலையை வெட்டிட்டுப் புதுசா ஓரம் அடிச்சிருவோம். யாருக்கும் தெரியாது.”

ஒத்தீலியா கத்தரியை எடுத்துக் கொடுத்தாள். எர்லிந்தாவின் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்தாள். வேஷம் தன்னுடையதாக இருந்து, துணி மாறியது கைக்குத் தெரிந்திருந்தால், தன் கண் முதலில் கூட்டத்தில் எதிரியைத் தேடியிருக்கும். வில்மெர் குருடாகவே மலையேறியிருப்பான். உனக்குக் கோபம்தான் வருது என்று எவாரிஸ்தோ சொன்னது சரியாகப் போய்விட்டதே என்பதுதான் அவளுக்கு அடங்கவில்லை. இவ்வளவு நாள் எர்லிந்தாவிடம் அவளுக்குப் பொறாமை தையலுக்காக, கண்ணீருக்காக, வேஷத்துக்காக. இப்போது மன்னிப்பதிலும் எர்லிந்தா முந்திக்கொண்டாள். அதற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்க ஒத்தீலியாவிடம் ஒரு பானைத் தமாலேகூட இல்லை.

“அடுத்த வருசம் நீங்களே போடுங்க வெரோனிக்கா” என்றாள் எர்லிந்தா, துணியை வெட்டிக்கொண்டே. “நான் எவாரிஸ்தோகிட்டச் சொல்றேன். இந்தக் கூட்டத்தை என்னால தாங்க முடியல. ஒரு கிழவி என் பாவாடையில ஒரு துண்டு கேக்கறா.”

எத்தனையோ வருஷமாக ஏங்கிய வார்த்தை. மேஜைமேல் கிடந்தது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“வேண்டாம்” என்றாள் ஒத்தீலியா.

“ஏன்?”

ஒத்தீலியா அந்தச் சிவப்பு முகத்தைப் பார்த்தாள், எர்லிந்தாவைப் பார்த்தாள். “எனக்கு உங்க மேல பொறாமை, கொமாத்ரே” என்றாள். “ரொம்ப நாளா. இப்பவும்.”

“தெரியும்” என்றாள் எர்லிந்தா. “இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

ஒத்தீலியா நூல் கோர்த்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் அவள் ஓரம் அடித்தாள், மறுபக்கம் எர்லிந்தா. இன்றும் எங்கள் கோயிலில் கண்ணாடிக்குள் அந்தத் துணி இருக்கிறது. ஓரத்தில் ஒரு பக்கத் தையல் கோணல்மாணல், இன்னொரு பக்கம் கோடு போட்ட மாதிரி நேர். ஞாயிறு தவறாமல் ஒத்தீலியா அதன் முன்னால் முழங்காலிடுவாள். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் அந்த நேர்த் தையலையே பார்த்துக்கொண்டிருப்பாள், வயிறு எரிய எரிய.